ரசிகர் சந்தா 3,500 ரூபாய்: எங்கள் கல்லூரி கூடைப்பந்து அணியின் சீசன் விமர்சனம்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு இந்த சீசனில் 'ரசிகர் சந்தா' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சின்னச் சந்தா 1,500 ரூபாய், பெரிய சந்தா 3,500 ரூபாய். நான் பெரியதைக் கட்டினேன். ஜெர்சி, சொந்த ஆடுகளத்தில் முன்வரிசை இருக்கை, நேரலை லிங்க், வெளியே நடக்கும் ஆட்டங்களுக்குப் பேருந்தில் இடம், சீசன் முடிவில் அணியோடு ஒரு மாலைச் சந்திப்பு, இவ்வளவும் அதில் உண்டு. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. படித்தவர்களுக்குப் புரிந்துவிடும், மற்றவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

ஐந்துக்கு இரண்டு என்றதும் "அணி தோற்றால் அதற்குச் சந்தாவைக் குறை சொல்லுவதா?" என்று கேட்பீர்கள். தோல்விக்காக நான் குறைக்கவில்லை. அல்சூரில் வளர்ந்த பையனுக்கு விளையாட்டில் தோற்பது ஒன்றும் புதிதில்லை, நாங்கள் தெருவில் ஆடிய எல்லாவற்றிலும் தோற்றிருக்கிறோம். என் ஆத்திரம் வேறு. இந்த அணி ஒரே மாதிரித் தோற்கிறது. ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் மூன்றுவரை நன்றாக ஆடி, முன்னிலையும் வாங்கி, கடைசி சில நிமிடங்களில் அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறது. அடுத்த ஆட்டத்திலும் அதேதான். அதற்கடுத்த ஆட்டத்திலும் அதேதான். ஒரு தடவை என்றால் துரதிர்ஷ்டம், சீசன் முழுக்க என்றால் அந்தக் கடைசி நிமிடங்களுக்கு யாருமே தயார்செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, சந்தாவில் கிடைத்த மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிட்டு ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஜெர்சி நன்றாக இருக்கிறது. துணி மெல்லிசு, பலமுறை துவைத்தும் சாயம் போகவில்லை, எண் உரியவில்லை. அளவு மட்டும் ஒரு சைஸ் சின்னதாக வருகிறது, பெரியதாகக் கேட்டு வாங்குங்கள். முன்வரிசை இருக்கை என்றால் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காருகிறார்கள், போய்ச் சொன்னால் அந்த மாணவத் தொண்டர்கள் பாவம் கையைப் பிசைகிறார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேருந்து நேரத்துக்கு வந்தது, ஓட்டுநர் தங்கமான மனிதர், சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நேரலைதான் மோசம். கேமரா ஒரு மூலையில் நிற்கிறது, எதிர்ப்பக்க வளையம் பாதிதான் தெரிகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திரையில் ஸ்கோர் கிடையாது, மீதி நேரம் கிடையாது, எத்தனை டீம் ஃபவுல், அதாவது ஒரு அணி மொத்தமாகச் செய்த விதிமீறல், ஆகியிருக்கிறது என்பதும் கிடையாது. கூடைப்பந்தில் இந்த மூன்றும் தெரியாமல் ஆட்டம் பார்ப்பது சும்மா பையன்கள் ஓடுவதைப் பார்ப்பதுதான். வெளிநாட்டில் இருக்கும் என் வகுப்பு நண்பன் நடு ராத்திரியில் எழுந்து பார்த்துவிட்டு "மச்சான், நம்ம ஜெயிச்சோமா இல்லையா?" என்று எனக்குச் செய்தி அனுப்பினான். அவனும் 3,500 கட்டியவன்தான்.

இப்போது அணி.

திறமை இல்லாத அணி என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற எங்கள் பாயின்ட் கார்டு உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரன், இரண்டு கையாலும் பந்தைத் தட்டிக்கொண்டு போவான், தலையைத் தூக்கிப் பார்த்து பாஸ் கொடுப்பான், இந்த வயதில் அது லேசில் வராது. வளையத்துக்குப் பக்கத்தில் ஆடுகிற சென்டர் பையன் உயரம், உயரம் இருந்தும் குனிந்து ஆடத் தெரிந்தவன். மூலையில் நின்று மூன்று புள்ளி போடுகிற ஒருவன் இருக்கிறான், 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே அவனுக்கு இடம் கிடைத்தால் போதும். முதல் பாதியில் இவர்கள் பந்தைச் சுற்றிவிட்டு ஆடுவதைப் பார்க்கும்போது கைதட்டாமல் இருக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

எல்லாவற்றுக்கும் உதாரணமாக ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன், எதிரணியின் பெயர் வேண்டாம். கடைசிக் கால் பகுதியில் நான்கு நிமிடம் இருக்கும்போது ஒன்பது புள்ளி முன்னிலை. கேலரியில் எங்கள் பக்கம் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் ஆடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்: அவசரப்படாமல் பந்தை வைத்துக்கொண்டு, இருபது வினாடிவரை எடுத்துக்கொண்டு, நல்ல ஷாட் கிடைத்தால் போட வேண்டும். எங்கள் பையன்கள் முதல் தடவை பந்து வந்ததும் எட்டு வினாடிக்குள் தூரத்திலிருந்து வீசினார்கள், போகவில்லை. அடுத்த தடவை பயந்துபோய் யாருமே வீசவில்லை, பந்து கிடைத்தால் 24 வினாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்பது விதி, அது முடிந்து பஸர் அடித்தது. அதற்கடுத்த தடவை பஸர் அடித்துவிடுமோ என்ற பயத்தில் மறுபடி அவசரப்பட்டார்கள். அந்தப் பக்கம் ஒன்பது ஏழாகி, நாலாகி, ஒன்றாகி... எழுத வேண்டுமா? எழுதமாட்டேன்.

இந்த 24 வினாடி சமாச்சாரத்தில்தான் எங்கள் அணியின் நோய் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கூடைப்பந்தில் இந்தக் கணக்கே கிடையாது. முன்னிலை வாங்கிய அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும். 1950-இல் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸும் மினியாபொலிஸ் லேக்கர்ஸும் ஆடிய என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்) ஆட்டம் 19-18 என்று முடிந்தது, அங்கே இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த ஸ்கோர். பார்க்க வந்தவன் தூங்கிவிடுவான் என்றுதான் 1954-இல் ஷாட் கிளாக், அதாவது ஷாட் போட மீதியுள்ள வினாடிகளைக் காட்டும் கடிகாரம், கொண்டுவந்தார்கள். உலகக் கூட்டமைப்பான ஃபிபா 30 வினாடி வைத்திருந்து 2000-இல் அதை 24 ஆக்கியது. பிறகு 2014-இல், ஷாட் வளையத்தில் பட்டுத் திரும்பி, வீசிய அணிக்கே ரீபவுண்ட் கிடைத்தால் மறுபடி 24 இல்லை, 14 தான் என்று மாற்றினார்கள். இங்கே நம்முடைய போட்டிகளும் ஃபிபா விதிப்படிதான். அதாவது இன்றைய கூடைப்பந்து என்பது வினாடிக் கணக்கை உடம்புக்குள் வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்க்காமலே "இன்னும் ஆறு வினாடி இருக்கு" என்று ஒரு பாயின்ட் கார்டுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கல்லூரி ஆடுகளத்தில் ஷாட் கிளாக் கிடையாது.

ஆமாம். சொந்த ஆடுகளத்தில் ஆட்டம் நடந்தால் மேஜையில் ஒரு மாணவர் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நேரம் முடிந்தால் விசில் ஊதுகிறார். ஆட்டக்காரர்களுக்கு எங்கேயும் எண் தெரியாது. பயிற்சியில் அதுவும் இல்லை, பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு ஆடலாம். இப்படி வருஷம் முழுக்க ஆடிவிட்டு, பெரிய அரங்கத்தில் போய், வளையத்துக்கு மேலே சிவப்பு எண் ஓடுவதைப் பார்த்தால் எந்தப் பையனுக்கும் கை நடுங்கும். இது பையன்கள் தவறா? சந்தாப் பணத்தில் கல்லூரி வாசலில் ஆளுயர பேனர் வைத்தார்கள், அணியின் புகைப்படம் போட்ட சாவிக்கொத்து கொடுத்தார்கள், அறிமுக விழாவுக்கு டிஜே வைத்தார்கள். அந்தப் பட்டியலில் ஷாட் கிளாக் வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்தது ஃப்ரீ த்ரோ, எதிரணி ஃபவுல் செய்தால் தடுக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று வீசக் கிடைக்கும் வாய்ப்பு. பலகையிலிருந்து 4.6 மீட்டர் தூரம், வளையம் 3.05 மீட்டர் உயரம், எதிரே கை தூக்க ஆள் இல்லை, ஐந்து வினாடி அவகாசம். கூடைப்பந்தில் தனியாகப் போய்ப் பயிற்சி செய்தே முன்னேறக்கூடிய விஷயம் இது, ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். ஒரு கால் பகுதியில் ஒரு அணி நான்கு ஃபவுல் செய்துவிட்டால், ஐந்தாவதிலிருந்து சாதாரண ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கடைசி நேரத்தில் பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், கடிகாரம் நிற்கும், "போடு பார்க்கலாம்" என்று கோட்டில் நிறுத்தும். இதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான், இரண்டையும் போட்டுவிட்டுத் திரும்பி ஓடு. எங்கள் பையன்கள் இரண்டில் ஒன்றையாவது விடுகிறார்கள், சில சமயம் இரண்டையும். இதைப் பார்த்துவிட்ட எதிரணிகள் எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில் எங்கள் சென்டரைத் தேடிப் பிடித்து ஃபவுல் செய்கின்றன, அந்தப் பையன் கோட்டுக்கு நடந்து போகும்போதே தலை குனிந்திருக்கிறது. இருபது வயதுப் பிள்ளையை அப்படிப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை. அவனுக்குத் தினமும் களைத்துப்போன கால்களோடு, பயிற்சியின் கடைசியில், நூறு ஃப்ரீ த்ரோ போடச் சொல்ல ஒருவரும் இல்லையா? களைப்பில்லாத கால்களோடு போடுவது வேறு, நாற்பது நிமிடம் ஓடிய காலோடு போடுவது வேறு.

டைம் அவுட் விஷயத்தில் பழி கோச் மேல்தான் விழும். இரண்டாம் பாதியில் ஒரு அணிக்கு மூன்று டைம் அவுட், அதிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் அதிகபட்சம் இரண்டுதான் எடுக்க முடியும். கடைசி இரண்டு நிமிடத்தில் உங்கள் பாதியில் பந்து உங்களுடையதாக இருக்கும்போது டைம் அவுட் எடுத்தால், திரும்பி வந்து எதிரணி வளையம் இருக்கும் பாதியிலிருந்தே பந்தை உள்ளே போடலாம், அரங்கத்தின் முழு நீளத்தையும் கடக்க வேண்டியதில்லை. ஒரு புள்ளி பின்தங்கி இருக்கும் அணிக்கு இது வரம். எங்கள் கோச் இரண்டாம் பாதி தொடங்கிய சூட்டிலேயே, நடுவரோடு தகராறு பண்ணிவிட்டு, கோபத்தில் டைம் அவுட்டுகளை எடுத்துவிடுகிறார். கடைசி வினாடிகளில் கையில் ஒன்றுமில்லை. பையன்கள் பெஞ்சைப் பார்க்கிறார்கள், பெஞ்ச் பையன்களைப் பார்க்கிறது.

எங்களோடு பேருந்தில் வருகிற ஒரு பெரியவர் இருக்கிறார். கோலார் தங்கவயல்காரர், சுரங்கம் 2001-இல் மூடியபோது குடும்பத்தோடு இங்கே வந்தவர், இப்போது மர்ஃபி டவுனில் இருக்கிறார். பேரன் எங்கள் கல்லூரியில் படிக்கிறான், அணியில் இல்லை, ஆனாலும் தாத்தா ஒரு ஆட்டம் விடுவதில்லை. இளமையில் அவரும் ஆடியவர். அந்த ஒன்பது புள்ளி ஆட்டம் முடிந்து திரும்பும்போது யாரும் பேசவில்லை, டிரினிட்டி சர்க்கிள் தாண்டும்போது அவர் சொன்னார்: "தம்பி, பந்து வளையத்துல பட்டுத் திரும்புறப்போ நம்ம பசங்க அஞ்சு பேரும் பந்தையே பாக்குறாங்க. ஒருத்தனாவது பக்கத்துல நிக்கிறவனைப் பாக்கணும்ல?" இதைவிடத் தெளிவாக பாக்ஸ் அவுட்டை யாரும் விளக்கிக் கேட்டதில்லை. ஷாட் போனதும் முதலில் உன் ஆளைத் தேடி, முதுகால் அவனை அடைத்து நிறுத்து, அப்புறம் பந்தைப் பார். உயரம் குறைந்த அணிகள் இதை வைத்துத்தான் பிழைக்கின்றன. எங்களுக்கு உயரமும் இருக்கிறது, ஆனால் எதிரணிக்கு ஒரு தாக்குதலில் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. கோச் 2-3 ஸோன் போடச் சொல்லுகிறார், அதாவது முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ஆளை விட்டு இடத்தைக் காப்பது, ஸோனில் யாருக்கு ஆள் யார் என்பது ஏற்கெனவே குழப்பம், ரீபவுண்டுக்கு வரும்போது எல்லோரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நின்றுவிடுகிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இந்தப் பையன்கள் காலையில் வகுப்பு, மதியம் லேப், சாயங்காலம் பயிற்சி என்று ஓடுகிறவர்கள். இன்டர்னல் தேர்வு வந்தால் இரண்டு வாரம் பயிற்சி அறுந்துவிடுகிறது. வருகைப் பதிவு குறைந்தால் ஹால் டிக்கெட் பிரச்சினை, விளையாடப் போன நாட்களுக்கு ஓ.டி., அதாவது வந்ததாகக் கணக்கு, கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு துறையாகப் போய் நிற்கிறார்கள். ஷூ சொந்தக் காசில் வாங்குகிறார்கள். பயிற்சி சிமெண்ட் தரையில், போட்டி மரத்தரையில். சிமெண்டில் பந்து எழும்புவதும் வழுக்குவதும் வேறு, மரத்தில் திடீரென்று நிற்க ஷூ பிடிக்கும் விதமே வேறு, முட்டிக்கும் சிமெண்ட் ஆகாது. மழை வந்தால் ஆடுகளத்தில் தண்ணீர் நிற்கிறது, பெங்களூரில் எந்த மாதம் மழை வராது என்று யாரால் சொல்ல முடியும், அன்றைக்கும் பயிற்சி இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் பையன்களைத் திட்டி எழுதுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். கேலரியில் ஒருவர் அந்த சென்டரின் அம்மா உட்கார்ந்திருக்கும்போதே அவனைக் கேவலமாகப் பேசினார், அவரைப் போன்றவர்கள் தயவுசெய்து சந்தா வாங்க வேண்டாம்.

ஆனால் வசதி இல்லை என்பதை மட்டும் காரணமாக ஏற்கவும் எனக்கு மனம் வரவில்லை. காரணம் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணி.

சந்தா விளம்பரத்தில் பெண்கள் அணியின் படம்கூட இல்லை. அவர்களுடைய ஆட்டங்களுக்கு நேரலை இல்லை, பேருந்து இல்லை. நான் முதலில் போனது ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் நேரம் இருந்ததால்தான், பிறகு அதற்காகவே போக ஆரம்பித்தேன். அதே சிமெண்ட் தரை, அதே ஷாட் கிளாக் இல்லாத ஆடுகளம், அதே இன்டர்னல். ஒரு நாள் காலை ஆறரைக்கு அவர்கள் பயிற்சியைப் பார்த்தேன். வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் ஃபோனில் நேரம் வைத்துக்கொண்டு சத்தமாக எண்ணுகிறாள்: "எட்டு, ஏழு, ஆறு, அஞ்சு..." உள்ளே ஆடுகிறவர்கள் அந்தக் குரலுக்குத்தான் ஷாட் போடுகிறார்கள். செலவு ஒரு பைசா கிடையாது. பயிற்சியின் கடைசியில் ஓடிக் களைத்த பிறகு ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ, யார் விட்டாலும் அணி மொத்தமும் ஒரு ஓட்டம். ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் அவர்களுடைய கோச், அவரும் பெண்தான், "முதல்ல ஆளு, அப்புறம் பந்து!" என்று கத்துகிறார். ஒரு ஆட்டத்தில் மூன்று புள்ளி முன்னிலையோடு கடைசி நிமிடத்துக்கு வந்தார்கள், பந்தை அழகாகச் சுற்றினார்கள், ஃபவுல் வாங்கினார்கள், இரண்டையும் போட்டார்கள், முடிந்தது. கேலரியில் அவர்கள் வீட்டாரும் நாங்கள் சில பேரும்தான். என் தொண்டை கட்டிவிட்டது.

ஆக, வசதி குறைவு இரண்டு அணிக்கும் பொது. கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றி யோசிக்கிற ஆள் ஒரு அணிக்குத்தான் இருக்கிறார்.

கடைசி நேரம் என்றால் என்ன என்பதை இந்த ஊர் நேரில் பார்த்திருக்கிறது. 2017 ஜூலையில் கண்டீரவா உள்விளையாட்டரங்கத்தில் ஃபிபா பெண்கள் ஆசியக் கோப்பை, பி பிரிவு. இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்து ஏ பிரிவுக்குப் போனார்கள். இரண்டே புள்ளி. அந்த அணியில் ஆடிய சென்னைக்காரர் அனிதா பால்துரை, குழந்தை பெற்ற பிறகு மறுபடி ஆட்டத்துக்கு வந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஒரு இறுதி ஆட்டம் முடிகிறது என்றால், அந்த நாற்பது நிமிடத்தில் போட்ட ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் ஜெயித்துக் கொடுத்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே ஊரில், அதே அரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கள் ஆண்கள் அணி ஃப்ரீ த்ரோவைத் தற்செயல் என்று நினைக்கிறது. மல்லேஸ்வரம் பக்கம் பீகிள்ஸ் மாதிரி பழைய கிளப்புகள் இருக்கிற ஊர் இது. சாயங்காலம் போய் அங்கே சின்னப் பிள்ளைகள் பயிற்சி எடுப்பதைப் பார்த்தாலே போதும், கற்றுக்கொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. போனால்தான் என்ன? சென்னையிலும் கோவையிலும் போட்டி என்றால் டிக்கெட் இல்லாமலே ஊர் திரண்டு வந்து உட்காரும், பி.எஸ்.ஜி. கோப்பை நாட்களில் கோவையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு வெளியூர்ப் போட்டிக்கு இந்தப் பையன்களை அனுப்பினால் நெருக்கடியில் ஆடும் பழக்கம் தானாக வரும்.

சீசன் முடிந்து அந்த மாலைச் சந்திப்பு நடந்தது. சமோசா நன்றாக இருந்தது, காபி ஆறிப் போயிருந்தது. மேடையில் ஒருவர் பின் ஒருவராக "இது வளர்ந்து வரும் அணி", "அடுத்த வருடம் நம்முடையது" என்று பேசினார்கள். கேள்வி நேரத்தில் நான் எழுந்து மூன்று விஷயம் கேட்டேன்: ஷாட் கிளாக் எப்போது வரும், ஃப்ரீ த்ரோவுக்குத் தனிப் பயிற்சி உண்டா, சந்தாப் பணம் எதற்குச் செலவானது. நிர்வாகத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "சார் ரொம்ப டெக்னிக்கலா போறார்" என்று சொல்லிவிட்டு மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். டெக்னிக்கலாகக் கேட்க வேண்டிய இடமே அதுதான். ரசிகன் என்றால் ஜெர்சி போட்டுக் கத்த வேண்டும், கணக்குக் கேட்கக் கூடாது என்று நினைக்கிறார்கள் போல. கூட்டம் முடிந்ததும் பாயின்ட் கார்டு பையன் என்னிடம் வந்து மெதுவாக, "அண்ணா, நீங்க கேட்டது கரெக்ட். பெண்கள் டீம் எண்ணுற மாதிரி நாங்களும் எண்ணலாம்னு கோச்கிட்ட சொன்னோம்" என்றான். கோச் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவன் முகத்திலேயே தெரிந்தது.

அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கிறது. அதற்குள் அவன் நான்கு நல்ல ஆட்டமாவது முடித்து ஜெயிக்க வேண்டும். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அவன் பெயர் போக வேண்டும், அங்கிருந்து தென்மண்டலப் போட்டிக்குப் போக வேண்டும். இப்படிக் கடைசி நிமிடத்தில் கோட்டைவிடுகிற அணியிலிருந்து யாரைத் தேர்வாளர்கள் எடுப்பார்கள்? இந்த வருஷம் எங்களிடமிருந்து ஒருவரையும் எடுக்கவில்லை. தோல்விப் பட்டியலில் இருக்கிற எண்களைவிட இதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

சரி, சந்தா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரிய சந்தா வேண்டாம். நேரலை இந்த நிலையில் இருக்கும்வரை வெளியூரில் இருப்பவர்கள் அதற்காகக் காசு கட்டுவது வீண். உள்ளூரில் இருந்தால் 1,500 ரூபாய் சந்தா போதும், ஜெர்சி வரும், மற்றபடி கேலரிக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் ஆண்கள் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ப் பெண்கள் ஆட்டத்தைப் பாருங்கள், கூடைப்பந்து கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு அதைவிட நல்ல பாடம் எங்கள் கல்லூரியில் கிடைக்காது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, மெட்ரோவில் வாருங்கள்.

நான் அடுத்த வருஷச் சந்தாவை இப்போதைக்குக் கட்டவில்லை. பழைய மாணவர்கள் சில பேர் சேர்ந்து, அந்தப் பணத்தைப் போட்டு ஒரு ஜோடி ஷாட் கிளாக் வாங்கித் தருகிறோம், அதை இரண்டு அணியும் பயிற்சியிலும் பயன்படுத்த வேண்டும், பெண்கள் ஆட்டத்துக்கும் நேரலை வேண்டும், திரையில் ஸ்கோரும் மீதி நேரமும் காட்ட வேண்டும் என்று கல்லூரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். தங்கவயல் பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடிதம் விளையாட்டுத் துறை மேஜையில் இருக்கிறது. வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னால் மறுநாளே பணம் தயார்.